வாயால் உண்ணாதவருக்கும் பல் தீட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிசவாதம் வந்து மூக்குக் குழாயால் உணவு பெறுபவருக்குப் பல் தீட்டிவிடச் சொன்னால், "அவர்தான் வாயால் ஒன்றும் சாப்பிடுவதில்லையே" என்கிறார்கள். வன்னியில் இதைச் சொல்பவர்கள் உறவினர் மட்டுமல்லர்.

நிலைமை நேர்மாறானது. மெல்லும்போது உமிழ்நீர் அதிகம் சுரந்து வாயைக் கழுவும். மெல்லாத வாய் வற்றும். ஒட்சிசனும் போய்க்கொண்டிருந்தால் இன்னும் காயும். பல்லில் படியும் படலத்தில் சில நாட்களிலேயே நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் குடியேறிவிடும். சரியாக விழுங்க முடியாதவரின் எச்சில் சொட்டுச் சொட்டாகச் சுவாசப்பைக்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பல் தீட்டிவிடப்பட்டோரில் 11 வீதத்தினருக்கு நிமோனியா வந்தது. அந்தப் பராமரிப்பு இல்லாதோரில் 19 வீதத்தினருக்கு வந்தது.

நினைவு மங்கியவருக்குப் பல் தீட்டும்போது தவறுவது பெரும்பாலும் கிடத்தும் விதத்தில்தான். மல்லாக்காகக் கிடத்தி வாயில் தண்ணீர் விட்டால் அது நேரே சுவாசக் குழாய்க்குப் போகும். கட்டில் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்த வேண்டும். முடியாவிட்டால் ஒரு பக்கமாகச் சரித்து, கன்னத்தின் கீழ் துவாயும் தட்டும் வைக்க வேண்டும். சக்‌ஷன் (எச்சில் உறிஞ்சும் கருவி) இருந்தால் கைக்கெட்டிய தூரத்தில், இயங்குகிறதா என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். குழாய் உணவு கொடுத்த கையோடு தீட்டினால் வாந்தி வரக்கூடும்; உணவுக்கு முன் தீட்டுவதே நல்லது.

முதலில் டோர்ச் அடித்து ஆடும் பல் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுவர் பாவிக்கும் சின்னத் தலை மென் பிரஷ் போதும். பற்பசை பட்டாணியளவுக்கும் குறைவாக. நுரையைத் துப்ப முடியாதவருக்கு நனைத்து உதறிய பிரஷ் மட்டுமே போதும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பக்கம் என்று தீட்டி, நாக்கைப் பின்னிருந்து முன்னாக வழித்து, ஈரக் கோஸ் துணியால் துடைக்க வேண்டும். பற்களுக்கிடையே விரலை விடாதீர்கள், கடித்துவிடுவார். காய்ந்து ஒட்டிய பொருக்கை இழுத்தால் இரத்தம் கசியும். ஈரத் துணியைச் சில நிமிடம் வைத்து ஊறிய பின் எடுக்கலாம். தீட்டுவது நாளுக்கு இரு தடவை, வாயை ஈரப்படுத்துவது சில மணிக்கொரு தடவை. தேசிக்காய்ச் சாறு கலந்த கிளிசரின் பழைய பழக்கம். அது வாயை மேலும் காயவைத்துப் பல்லின் மேற்பூச்சையும் அரிக்கும்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி வாய்மருந்து பிரஷுக்கு மாற்றல்ல. செயற்கைச் சுவாசத்தில் இருப்போருக்குப் பல் தீட்டும்படி சொல்லும் 2022ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டல், இந்த மருந்தை வழமையாகப் பூசுவதை ஆதரிக்கவில்லை. கொப்பளிக்கக் கூடியவருக்கு வைத்தியர் எழுதியிருந்தாலும், பற்பசைக்குப் பின் அரை மணி நேரம் விட்டே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்பசை அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும்.

கட்டுப்பல் தொலைவது வைத்தியசாலை விடுதிகளில் புதிதல்ல. கடதாசியில் சுற்றி வைத்தால் சாப்பாட்டுத் தட்டோடு குப்பைக்குப் போய்விடும். பெயர் எழுதிய மூடியுள்ள பாத்திரம் ஒன்று போதும். இரவில் கழற்றி, சவர்க்காரத்தால் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் போடவும். கொதிநீர் பட்டால் கோணும்.

அனுமதிக்கும்போதே வாயைத் திறந்து பார்த்து நோயாளியின் அட்டையில் ஒரு வரி எழுத வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. வெண்படலம் துடைத்தால் வந்து கீழே சிவந்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சணம். சீனி வருத்தக்காரரிடமும் முட்டுக்கு ஸ்டீராய்டு பம்ப் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்காதவரிடமும் அதிகம். துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாதபடி இறுகிய வாய் ஆகியவற்றைக் கண்டால் பல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். வயலிலும் வாடியிலும் நாள் முழுவதும் வெற்றிலை மெல்பவர்கள் இங்கே நிறையப் பேர். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும். காய்ச்சலுக்கு வந்தவரின் வாயையும் பார்க்கும் வாய்ப்புத் தாதியருக்குத்தான் கிடைக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. ஒட்டுசுட்டானிலோ மடுவிலோ இருந்து வந்து கூட நிற்கும் மனைவியையோ மகளையோ, அனுப்பும் முன் ஒரு தடவை தாதியின் கண்முன் தீட்டச் சொல்லுங்கள். தலையை எப்படிச் சரிக்கிறார், தண்ணீரை எவ்வளவு விடுகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்கள் சிலர்,
வன்னி.