சுவர்ப்படத்துக்கு ஒப்பந்தம் போடும் மாநகராட்சி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களே,

வணக்கம். பாலத்தூண், பள்ளிச்சுவர், ரயில்நிலையம் என்று எங்கும் இப்போது படம் வரைகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் திறப்புவிழா முடிந்த பிறகு அந்தச் சுவரை யார் பார்த்துக்கொள்வது?

சென்னை மெரினாவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. "உழைப்பாளர் சிலைகிட்ட இறங்கிக்கிறேன்" என்று சொல்கிற பலருக்குச் சிற்பியின் பெயர் தெரியாது, ஆனாலும் நான்கு பேர் சேர்ந்து பாறையை நெம்பும் அந்தக் காட்சி மனசில் பதிந்திருக்கும். சுவர்ப்படத்துக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. கீழிருந்து ஓதம் ஏறும், உப்புப் பூத்துச் சுவர்ப்பூச்சு புடைக்கும், வரைந்த முகத்தின் தாடை முதலில் பெயர்ந்து விழும். மேலே மைதா பசையோடு ஒரு போஸ்டர் ஏறினால் கதை முடிந்தது. அதனால் ஒழுகும் குழாயை அடைத்து, சுவரைக் காயவிட்டு, அப்புறம் பெயின்டைத் தொடச் சொல்லுங்கள்.

சென்னையின் கண்ணகி நகரை எடுத்துக்கொள்வோம். நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய இடம் அது. அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்கினார்கள் என்று அங்குள்ளவர்கள் வருத்தப்பட்டதுண்டு. 2020 வாக்கில் அதன் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான படங்கள் வந்ததும், வெளியூர்க்காரர்களும் கேமராவோடு தேடிப் போனார்கள். ஒரு பெயருக்கு ஒட்டிய கறையைக் கொஞ்சமாவது கழுவியது பெரிய விஷயம். ஆனால் வெளுத்துப்போன சுவரோடு நாளெல்லாம் குடித்தனம் நடத்தப்போவது அந்த வீட்டுக்காரர்கள்தானே? என்ன வரையலாம் என்று அவர்களிடம் முதலில் கேட்பதுதான் முறை.

இடையில் ஒன்று: சிறுநீர் கழிக்காமலிருக்கச் சாமி படம் வரைவதைக் கலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே வேண்டியது கழிப்பறை.

வேலையை யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். கட்டம் போட்டு, சின்னப் புகைப்படத்தை நாற்பதடி கட்-அவுட்டாக ஏற்றிய பேனர் ஓவியர்களின் பிழைப்பை ஃப்ளெக்ஸ் விழுங்கிவிட்டது. சாரத்தில் நின்று வெயிலில் வரைந்து பழகிய கை அது. சதுர அடிக்குக் குறைந்த விலை சொல்பவருக்கே வேலை என்றால், அவர்கள் கூலியாளாகத்தான் வருவார்கள், ஓவியராக அல்ல.

ஆகவே அடுத்த ஒப்பந்த அறிவிப்பில் ஐந்தாண்டுப் பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள். மழைக்காலம் முடிந்ததும் பழுதுபார்க்கும் வேலையை அதே ஓவியருக்கே கொடுங்கள். படத்தின் ஓரத்தில் அவர் பெயரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வரி கட்டும் நகரவாசி