பன்னிரண்டு மணிக்கு மட்டும் ஏ.எம்., பி.எம். வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி வட்டாரத்து அறிவிப்புகளில் '12 ஏ.எம்.', '12 பி.எம்.' என்று அச்சிடும் வழக்கம் பெருகிவருகிறது. மற்ற மணிகளுக்கு இந்தக் குறிகளால் தொல்லை இல்லை. 12க்குத்தான் குழப்பம். இலத்தீனில் ஏ.எம். என்றால் நண்பகலுக்கு முன், பி.எம். என்றால் நண்பகலுக்குப் பின். நண்பகல் இரண்டிலுமே சேராது. கைப்பேசிக் கடிகாரம் நள்ளிரவை 12 ஏ.எம். என்றும் நண்பகலை 12 பி.எம். என்றும் காட்டுகிறது, அதுவே வழக்கமாகிவிட்டது. ஆனால் காலை 11 ஏ.எம். என்றால் அடுத்த மணியும் ஏ.எம். தானே என்று மாற்றிப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம்.

விண்ணப்பிக்கக் கடைசி நேரம் '15ஆம் தேதி 12 ஏ.எம்.' என்றால் 14ஆம் தேதி இரவோடு முடிந்தது. 15ஆம் தேதி பகலில் அனுப்பலாம் என்றிருப்பவருக்கு வாய்ப்பு போய்விடும். '14ஆம் தேதி இரவு 11.59 வரை' என்று போட்டால் சந்தேகமே வராது. அறுவை சிகிச்சைக்கு முன் '12 ஏ.எம்.முக்குப் பிறகு சாப்பிடக் கூடாது' என்பதை நண்பகல் என்று நினைத்துக் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டால், மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அறுவையைத் தள்ளிவைக்க வேண்டியதுதான். இங்கே 'இரவு' என்ற ஒரு சொல் கட்டாயம் வேண்டும்.

ரயிலில் தேதியும் சேர்ந்து குழப்பும். நம் பேச்சில் வெள்ளிக்கிழமை இரவு என்பது சனிக்கிழமை விடியும்வரை நீளும். பஞ்சாங்க நாளும் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. ரயில்வேக்கு 00.00 மணிக்கே தேதி மாறிவிடும். காட்பாடியில் 15ஆம் தேதி சனிக்கிழமை 00.20க்கு வண்டி என்று டிக்கெட்டில் இருந்தால், 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு போனால் அந்த வண்டி முந்தைய இரவே போயிருக்கும்.

தட்கலுக்குக் கணக்கு வேறு. வண்டி முதலில் கிளம்பும் ஸ்டேஷனின் தேதிக்கு முந்தைய நாளில்தான் முன்பதிவு திறக்கும். சென்னையில் 14ஆம் தேதி இரவு கிளம்பி 15ஆம் தேதி 00.20க்குக் காட்பாடி வரும் வண்டிக்கு 13ஆம் தேதியே எடுக்க வேண்டும்: ஏசிக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. 14ஆம் தேதி காலையில் போய் நிற்பவர்களுக்கு ஒரு நாள் தவறிவிடுகிறது.

அச்சகத்தாரும் அலுவலகங்களும் 'நண்பகல் 12', 'நள்ளிரவு 12' என்றே எழுதட்டும். நள்ளிரவுக்கு மேல் என்றால் '14 வெள்ளி இரவு, 15 சனி பிறந்ததும் 12.20' என்று இரண்டு தேதியையும் கிழமையோடு போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.