இரட்டைப் பதவிக்கு முடிவு கட்டுங்கள்: பிரெஞ்சு தேசிய சபைக்கு ஒரு திறந்த மடல்

தேசிய சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியிலிருந்து வாக்களிக்கும் பிரெஞ்சுக் குடிமக்களில் நானும் ஒருவன். வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான 11ஆம் தொகுதி எங்களுடையது.

நாடாளுமன்ற உறுப்பினர் மேயராகவோ பிராந்தியத் தலைவராகவோ இருக்கக் கூடாது என்று 2014இல் சட்டம் போட்டீர்கள். நல்ல சட்டம். ஆனால் அமைச்சர்களை அது தொடவே இல்லை. அமைச்சரானவர் மேயர், பிராந்தியத் தலைவர் பதவிகளை விட்டுவிட வேண்டும் என்று 1997இல் ழோஸ்பன் பிரதமரானபோது தொடங்கிய வழக்கம் மட்டும்தான் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. வெறும் வழக்கம் என்பதால் வேண்டியவருக்கு வேண்டியபடி வளைகிறது.

ழான்-ஈவ் லெ த்ரியானையே பாருங்கள். லொரியான்காரர், அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் எங்கள் ஊருக்குப் புறப்பட்டு வந்த துறைமுகம் அது. 1981 முதல் 1998 வரை அங்கே மேயர். 2004இல், லொரியான் அடங்கிய பிரெத்தாஞ் (பிரிட்டனி) பிராந்தியத்தின் தலைவர். 2012இல் பாதுகாப்பு அமைச்சரானதும் தலைவர் பதவியை விட்டார். அதுவரை சரி. 2015 டிசம்பரில் அமைச்சராக இருந்தபடியே பிராந்தியத் தேர்தலில் நின்று ஜெயித்தார், இரண்டையும் வைத்துக்கொண்டார். பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் பாதுகாப்பு அமைச்சரை மாற்ற முடியாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த விதிவிலக்கு ஒன்றரை ஆண்டு இழுத்தது. 2016 செப்டம்பரில் டெல்லியில் 36 ரஃபேல் விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்தான், பிரெத்தாஞ்சின் உயர்நிலைப் பள்ளிக் கட்டடங்களுக்கும் உள்ளூர் ரயில்களுக்கும் பொறுப்பாளி!

அதே 2015இல், அதே அரசில், திழோன் நகர மேயர் பதவிக்குத் திரும்பிய பிரான்சுவா ரெப்சமன் தொழிலாளர் துறை அமைச்சர் பதவியை விட்டுப் போக வேண்டியிருந்தது. ஆளுக்கொரு நியாயமா?

லெ த்ரியான் திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் 2017இல் வெளியுறவு அமைச்சரான கையோடு அவர் பிராந்தியத்தை விட்டதும் அங்கே எதுவும் நின்றுவிடவில்லை. லோயிக் ஷெனே-ழிரார் தலைவரானார். 2021 தேர்தலிலும் அவரே ஜெயித்தார். ஆள் இல்லை என்ற சாக்கு அதோடு போயிற்று.

வழக்கம் திருந்தவும் இல்லை. 2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுப் பகுதியான மயோத் தீவைப் புயல் புரட்டிப்போட்டிருந்த வேளையில், பிரதமராகிச் சில நாளே ஆன பைரு, தன் ஊரான போ (Pau) நகரத்தின் மன்றக் கூட்டத்துக்குப் பறந்தார். அங்கே அவர் மேயர் அல்லவா!

அமைச்சர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. மேயர், பிராந்தியத் தலைவர் பதவிகளையும் அதில் சேர்க்கும் யோசனை குடியரசுத் தலைவர்கள் ஒல்லாந்த், மக்ரோன் இருவர் காலத்திலும் வந்து கிடப்பில் போனது. 2027 குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் அதை மறுபடி எடுங்கள். பதவி மாற ஒரு மாத அவகாசம் கொடுங்கள், போதும். நெருக்கடிக்கென்று தனி விலக்கு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
புதுச்சேரி வாக்காளர் ஒருவர்