நம் பெற்றோர் சங்கத்தின் 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, கடைசி வரிசையில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி நிற்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடந்ததைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். போன ஆண்டு என் அறிக்கை நீளம் என்று குறை வந்தது. இந்த ஆண்டும் நீளம்தான். காபி பிளாஸ்க் பின்னால் இருக்கிறது.

ஜெர்மனியில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். நாம் தொடங்கியபோது ஏழாவது கையெழுத்துக்கு ஆள் கிடைக்காமல், எர்லாங்கனில் அன்றுதான் குடிவந்த ஒருவரை அட்டைப்பெட்டி பிரிப்பதற்குள் பிடித்து வாங்கினோம். அவர்தான் இன்றைய பொருளாளர். இப்போது நியூரம்பெர்க், எர்லாங்கன், ஃபியூர்த் மூன்று ஊரிலும் சேர்த்து 46 குடும்பங்கள். இந்த ஆண்டு மூன்று குடும்பங்கள் ஊருக்கே திரும்பின. அவர்கள் விட்டுப்போன குட்டி சைக்கிள்களும் மழைக்காலச் சேற்றுப் பேண்ட்களும் என் நிலவறையில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு நடக்க இடமில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்

இந்த ஆண்டின் பெரிய வேலை பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கியது. காய்ச்சல் காலம். நம் உறுப்பினர் ஒருவருக்குக் காலை பத்தே முக்காலுக்குக் கீட்டாவிலிருந்து, அதாவது மழலையர் காப்பகத்திலிருந்து, போன்: பையனுக்கு 38.7 காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள். அவர் மியூனிக் போகும் ரயிலில் இங்கோல்ஸ்டாட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். கணவருக்கோ போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகும் வேலை. பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு உறுப்பினர் கேள்விப்பட்டு ஓடினார். பையனுக்கு அவரை நன்றாகத் தெரியும், சித்தி என்றுதான் கூப்பிடுவான். ஆனாலும் அவரிடம் அனுப்ப மறுத்துவிட்டார்கள். பட்டியலில் அவர் பெயர் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பையன் சித்தியைப் பார்த்து அழ, இந்தப் பக்கம் சித்தியும் அழ, ரயிலிலிருந்து அம்மா எழுத்தில் அனுமதி அனுப்பி, இவர் அடையாள அட்டையைக் காட்டி, பையன் வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது.

கீட்டா மேல் தப்பு சொல்ல முடியாது. கேட்பவர் கையிலெல்லாம் பிள்ளையைக் கொடுக்கும் இடமாக இருந்தால் நாமே சேர்த்திருக்க மாட்டோம்.

அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டேன். சேர்க்கைப் படிவத்தில் 'பெற்றோரைத் தவிர யார் அழைத்துப் போகலாம்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதினீர்கள்? பெரும்பாலோர் கோடு போட்டிருந்தார்கள். சிலர் அப்போது விசாவில் வந்திருந்த மாமியாரின் பெயரை எழுதியிருந்தார்கள். அவர் திருச்சிக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. என் படிவத்திலும் கோடுதான். எழுதியபோது ஒன்றும் தோன்றவில்லை. என் மகளின் வகுப்பில் ஒரு ஜெர்மன் அம்மா பாட்டி, தாத்தா, அத்தை, எதிர்வீட்டுக்காரர் என்று எழுதி இடம் போதாமல் தாளைத் திருப்பியதைப் பார்த்த ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

சரி, கோட்டை அழிப்போம் என்று உட்கார்ந்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அருகில் இருக்கும் இரண்டு குடும்பங்களைச் சேர்த்தோம். அருகில் என்பதை வரைபடத்தில் பார்த்தால் தப்பாகிவிடுகிறது. ஒரே பஸ்ஸில் மாறாமல் போக முடியுமா என்று பார்த்துத்தான் ஜோடி போட வேண்டியிருந்தது. மார்ச் முடிவதற்குள் முக்கால்வாசிப் பேர் கீட்டாவிலும் பள்ளியிலும் புதிய பெயர்களைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. காலை பத்தே முக்காலுக்கு எல்லோருமே வேலையில்தானே இருக்கிறோம்? இதை ஏப்ரல் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, நம் யாழ்ப்பாணத்து அக்கா பின்னாலிருந்து, "என்ர பேரைப் போடுங்கோ. நான் வீட்டிலதானே இருக்கிறன்" என்றார். 1986-ல் வந்தவர், இப்போது ஓய்வு. அவர் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எதிர்வீட்டு ஜெர்மன் பாட்டிதான் பார்த்துக்கொண்டாராம். இப்போது ஒன்பது குடும்பங்களின் படிவத்தில் அக்காவின் பெயர். ஒரு கீட்டாவில் ஆசிரியை, உங்களுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று கேட்டாராம். பதினொன்று என்றாராம் அக்கா, கண்ணிமைக்காமல். டிசம்பர் வரை அவரைப் பதினாறு முறை கூப்பிட்டிருக்கிறோம். பொன்னாடை போர்த்தலாம் என்றபோது வேண்டாம் என்றார். பஸ் பாஸ் வாங்கித் தருகிறோம் என்றோம், அதற்குச் சரி என்றார். செலவு பொருளாளர் கணக்கில் வரும்.

இதோடு சேர்த்து ஒரு தகவல், மறுபடி மறுபடி கேட்கிறீர்கள் என்பதால். அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குப் பிள்ளை உடம்பு சரியில்லாத நாள்களுக்கான விடுப்பு 2025-லும், இப்போது 2026-லும், ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 15 நாள்; தனியாக வளர்ப்பவருக்கு 30. பிள்ளைக்கு 12 வயது ஆகும் வரை. மருத்துவருக்குப் பிள்ளையைத் தெரிந்திருந்தால் சான்றிதழைப் போனிலேயே கேட்கலாம், ஐந்து நாள் வரை கிடைக்கும். இருமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பு அறையில் இன்னும் நாலு நோயை வாங்கி வர வேண்டியதில்லை.

தொண்ணூறு நாள் பாட்டிகள்

கட்டத்தில் கோடு விழுவதற்குக் காரணம் நமக்கெல்லாம் தெரியும். நம் அப்பா அம்மாவுக்கு விருந்தாளி விசாவில் கிடைப்பது 180 நாளில் 90 நாள். அதற்கும் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், நாம் பொறுப்பேற்று அயலார் அலுவலகத்தில் கொடுக்கும் உறுதிமொழி, சம்பளச் சீட்டு எல்லாம் வேண்டும். வந்த முதல் மாதம் குளிர் பழகவும், மூன்றாம் மாதம் பெட்டி கட்டவும் சரியாக இருக்கும். நடுவில் ஒரு மாதம்தான் பாட்டி.

2024 மார்ச் 1-க்குப் பின் முதன்முறையாகத் திறன் பணியாளர் அனுமதியோ, பட்டதாரிப் பணியாளருக்கான ப்ளூ கார்டு அனுமதியோ பெற்றவர்கள், செலவையும் காப்பீட்டையும் காட்டினால், பெற்றோரை இங்கேயே தங்க அழைக்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. அதற்கு முன்பே வந்தவர்களுக்கு இல்லை. பத்து வருடம் வரி கட்டியவருக்கு இல்லாதது நேற்று வந்தவருக்கா என்று ஜூன் கூட்டத்தில் குரல் உயர்ந்தது. குரல் நியாயம்தான், ஆனால் அதை உயர்த்த வேண்டிய இடம் நம் கூட்டம் இல்லை. புதிதாக வந்தவர்களிலும் பலர் முதியவர்களுக்குக் காப்பீடு கிடைக்காமல்தான் அலைகிறார்கள்.

வந்திருக்கும் பெரியவர்களுக்காகப் புதன்கிழமை காலை நடை தொடங்கினோம். பெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் இருட்டும் ஊரில் ஜன்னலோரம் உட்கார்ந்து மகன் வரும் வழியைப் பார்ப்பதை விட இது மேல். கும்பகோணத்துத் தாத்தா ஒருவர், நடந்துபோகிறவர்கள் எல்லோரும் இவருக்கு 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் வைக்கிறார்கள் என்று மகிழ்ந்து, தானும் கைகூப்பி 'க்ரூஸ் காட்' சொல்லி, ஊர் திரும்பும்போது அந்தப் பாதையில் எல்லோருக்கும் தெரிந்தவராகிவிட்டார். அவர் மகனுக்கு அந்தத் தெருவில் இன்னும் யாரையும் தெரியாது.

பள்ளி

செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை, நம் பிள்ளைகள் ஏழு பேர் முதல் வகுப்பில் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை அரங்கில் ஷூல்டூட்டெ செய்தோம். பிள்ளை உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும் அந்த அட்டைக் கூம்பை இங்கே கடையிலும் வாங்கலாம், ஆனால் செய்து தருவதுதான் அழகு என்று நினைக்கிறார்கள். மயில் ஒட்டிய கூம்பு ஒன்று, ஆட்டோ ஒட்டிய கூம்பு ஒன்று. உள்ளே பென்சிலும் மிட்டாயும் வைக்க வேண்டிய இடத்தில் ஓர் அப்பா வாய்ப்பாட்டுப் புத்தகம் வைத்தார். மனைவி எடுத்துவிட்டார். விஜயதசமி அக்டோபர் 2-ல் வந்தது. மறுநாள் ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள் விடுமுறை என்பதால் அன்றைக்கு அதே ஏழு பேரை உட்கார வைத்து அரிசியில் 'அ' எழுத வைத்தோம்.

நாலாம் வகுப்புக்காரர்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நம் மாநிலமான பவேரியாவில் ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறவியல் மூன்றின் சராசரி 2.33-க்குள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் கிம்னாசியம், 2.66-க்குள் என்றால் பத்தாம் வகுப்போடு முடியும் ரியால்ஷூலெ; மே மாதத் தொடக்கத்தில் சான்றிதழ். ஒன்றுதான் நல்ல மதிப்பெண், ஆறு மோசம். ஊரிலிருந்து போனில் கேட்கும் தாத்தாவுக்கு இதைப் புரியவைப்பதே பெரிய பாடு. பத்து வயதுப் பிள்ளையின் சராசரியை நாம் பிளஸ் டூ கட் ஆஃப் போலப் பேசுகிறோம். ஏப்ரலில் வாட்ஸ்அப் குழுவில் சிலர் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் போட, சிலர் பதிலுக்குப் போட, சிலர் போடாமல் குழுவை விட்டு வெளியேற, அந்த இழையை நான் அழித்தேன். செயலாளருக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. மறுபடி நடந்தாலும் அழிப்பேன்.

ஜூலையில் நடந்த உரையாடல் மாலைக்கு, ரியால்ஷூலெ முடித்து, எஃப்ஓஎஸ் என்ற தொழில்சார் மேல்நிலைப் பள்ளி வழியாகப் போய், இப்போது பொறியியல் படிக்கும் நம் அக்காவின் கடைசி மகன் வந்து பேசினான். அரை மணி நேரம் பேசினான், ஒன்றரை மணி நேரம் கேள்வி. எல்லாக் கேள்வியும் பெற்றோரிடமிருந்து. பிள்ளைகள் வெளியே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று: 2026 ஆகஸ்ட் முதல், ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, முழுநாள் கவனிப்பு சட்டப்படி உரிமையாகிறது. வேலை நாள்களில் எட்டு மணி நேரம், பள்ளி நேரத்தையும் சேர்த்து. உரிமை இருந்தால் இடம் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

தமிழ் வகுப்பு சனிக்கிழமைகளில் நடந்தது. பாடம் எடுக்கும் நால்வரும் சிறுவர்களோடு பழகுவோருக்கான விரிவான காவல்துறைச் சான்றிதழ் வாங்கினார்கள். தன்னார்வலர்களுக்கு அது இலவசம், சங்கத்தின் கடிதம் போதும். என் மேலேயே சந்தேகமா என்று ஒரு அண்ணன் வருத்தப்பட்டார். எனக்கும் சேர்த்து வாங்கிக் காட்டியதும் சமாதானம் ஆனார். பிள்ளைகளின் தமிழ் எப்படி இருக்கிறது என்றால், "அம்மா, நான் காய்ச்சல் வெச்சிருக்கேன்" என்கிறார்கள். ஜெர்மனில் காய்ச்சலும் பசியும் ஒருவரிடம் 'இருக்கிற' பொருள்கள். முதலில் திருத்தினோம். இப்போது எங்கே வைத்திருக்கிறாய், காட்டு என்று கேட்கிறோம், அவர்களும் நெற்றியைக் காட்டுகிறார்கள்.

விழாக்கள், சுருக்கமாக

பொங்கலை ஜனவரி 18 சனிக்கிழமை வைத்தோம். அரங்கின் சமையலறையில் இண்டக்ஷன் அடுப்பு. காரைக்குடியிலிருந்து சுமந்து வந்த வெண்கலப் பானை அதில் சூடாகவே இல்லை. எவர்சில்வர் குக்கரில் பொங்கவிட்டு, 'பொங்கலோ பொங்கல்' சொல்லும்போது மட்டும் வெண்கலப் பானையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். படத்தைப் பார்த்து ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தீபாவளிக்கு நவம்பர் 1 சனிக்கிழமையைக் குறித்து அழைப்பிதழும் அனுப்பிவிட்டேன். அது புனிதர் அனைவர் நாள், பவேரியாவில் அமைதி நாள், ஆட்டம் பாட்டம் கூடாது என்று அரங்கின் காவலர் சொன்னபோது எனக்கு முகமில்லை. பதினொரு வருடம் இங்கே இருப்பவள் நான். அக்டோபர் 25-க்கு மாற்றினோம். பட்டாசுக்கு டிசம்பர் 31-ம் ஜனவரி 1-ம் தவிர அனுமதி இல்லை என்பதால் வழக்கம்போல் கம்பி மத்தாப்பு மட்டும். அன்றிரவுதான் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. பாத்திரம் கழுவியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைத்தது.

நீச்சல் வகுப்பில் ஐந்து பேர் கடல்குதிரைப் பட்டை என்ற தொடக்க நீச்சல் சின்னம் வாங்கினார்கள். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள் விளக்கு ஊர்வலத்தில் அவரவர் கீட்டாவோடு கலந்துகொண்டோம், மழை.

மற்றவை

அரசு தரும் பிள்ளைப் படியான கிண்டர்கெல்ட் ஒரு பிள்ளைக்கு 2025-ல் மாதம் 255 யூரோ, இந்த ஜனவரி முதல் 259. ஊரில் சொன்னால் பிள்ளை பெற்றதற்குச் சம்பளமா என்கிறார்கள். வாடகையை நாம் சொல்வதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார், தணிக்கையாளர்கள் இருவரும் பார்த்துவிட்டார்கள். அதன்பின் கணக்கை ஏற்று நிர்வாகக் குழுவை நீங்கள் பொறுப்பிலிருந்து விடுவித்தால் தேர்தல். புதிதாக வருபவர்கள் நோட்டரியிடம் கையெழுத்துப் போட ஒரு காலை நேரத்தை ஒதுக்க வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன். செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்கவில்லை. கூட்டிவரும் பட்டியலை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன். அக்காவுக்கு மே மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை. மே, ஜூன் இரண்டு மாதங்களுக்குப் பகலில் வீட்டில் இருப்பவர் ஒருவராவது வேண்டும். மகப்பேற்று விடுப்பில் இருப்பவர்களைக் கேட்பது நியாயமில்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

தீபாவளிக்குப் பின் இரண்டு இட்லித் தட்டும் ஒரு பெரிய கரண்டியும் சங்கத்துக்குத் திரும்பவில்லை. யார் கொண்டுவந்தாலும் ஒன்றும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்