சூரைக்கு ஐஸ் போதவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் கோடையில் அல்பகோர் என்ற சூரை இனத்தைப் பிடிக்கிறார்கள். வலை போடுவதில்லை, ஓடும் படகின் பின்னால் தூண்டில்களை இழுத்துச் செல்வார்கள். மாட்டும் ஒவ்வொரு மீனையும் உடனே கீறி ரத்தம் வடித்துக் குளிரில் வைத்துவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. சூரையின் உடல் கடல்நீரைவிடச் சூடானது. குளிர்விக்கத் தாமதித்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும்.

தூத்துக்குடி, ராமேஸ்வரம் கடலிலிருந்து மதுரைக்கு வரும் சூரையோ சாலையிலேயே சில மணி நேரம் கழிக்கிறது. எங்கள் பகுதிக் கடைகளில் மேலே ஒரு கை ஐஸ்தூள், அவ்வளவுதான். அடியில் கிடக்கும் மீனின் சதை பழுப்பாகிவிடுகிறது. விலை மலிவு என்பதால் ஏழை வீடுகளுக்குத்தான் அது அதிகம் போகிறது.

ஆழ்கடலில் சூரை பிடிக்க 2017-ல் அரசு படகுக்கு மானியம் தரத் தொடங்கியது, நல்லது. சில்லறை வியாபாரிகளுக்கும் மானியத்தில் ஐஸ் பெட்டி கொடுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் காலையில் மட்டுமல்ல, மதியமும் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், செல்லூர், மதுரை