அந்த வொய்ஸ் பற்றியும், ஐபோன் அன்ட்ரொய்ட் பற்றியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

2011-ல் இந்தப் போன் கடையைத் திறந்த நாளிலிருந்து நான் உங்களுக்குக் கடிதம் ஒன்றும் எழுதியதில்லை. பெயர்ப்பலகையில் உதிர்ந்துபோன ஓர் எழுத்தையே நாலு வருடமாகத் திருத்தாத ஆள் நான், அது களுவாஞ்சிக்குடியால் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் போன கிழமை ஒருவர் போட்ட வொய்ஸ் இரண்டு மூன்று வட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி, பட்டிருப்புப் பாலம் தாண்டி மண்டூர் வரைக்கும் போய், கடைசியில் என் மனைவியின் அக்காவின் போனுக்கே வந்து சேர்ந்துவிட்டது. இனியும் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபோன் 11 ஒன்றுக்கு டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்தோம். வீட்டுக்குப் போனதும், இது அசல் அப்பிள் டிஸ்ப்ளேதானா என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. உடனே, ஒரிஜினலை நாங்கள் கழற்றி எடுத்துக்கொண்டு டூப்பைப் போட்டுவிட்டோம் என்று கதை. அதோடு நிற்கவில்லை. ஐபோன் கேட்டு வருகிற சனத்தை நான் அன்ட்ரொய்ட் பக்கம் தள்ளிவிடுகிறேனாம், அதில்தான் கமிஷன் கூடவாம். கடைசியில் ஒரு சிரிப்பு: "அவருக்கு ஐபோன் தெரியாது, அதான் அதைக் குறை சொல்றார்."

கள்ளன் என்றதைக்கூட விட்டுவிடலாம். தெரியாது என்றதுதான் என் நித்திரையைக் கெடுத்தது.

சரி, முதலில் அந்த மெசேஜ். மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்து, கண்ணாடி நொறுங்கி, பாதித் திரை கறுத்துப்போன நிலையில்தான் அந்தப் போன் எங்கள் மேசைக்கு வந்தது. போடப்போவது கொம்பனி டிஸ்ப்ளே இல்லை, தரமான கொப்பி என்று சொல்லித்தான் விலை சொன்னோம். சொன்னது நான் இல்லை, வேலை செய்த பொடியன். சொன்னாயா என்று கேட்டால் சொன்னேன் என்றுதான் சொல்கிறான். ஐபோன் 11-லிருந்து அப்பிள் செய்துவைத்திருக்கிற வேலை இது. ஒவ்வொரு டிஸ்ப்ளேக்கும் ஓர் இலக்கம் உண்டு, அந்த இலக்கத்தைப் போன் ஞாபகம் வைத்திருக்கும். இன்னொரு ஐபோன் 11-லிருந்து கழற்றிய அசல் டிஸ்ப்ளேயைக் கொண்டுவந்து போட்டாலும் இலக்கம் பொருந்தாது, அப்பவும் அதே மெசேஜ்தான். முதல் 4 நாள் லொக் ஸ்கிரீனில் வரும், 15 நாள் வரை செட்டிங்ஸில் நிற்கும், பிறகு அபவுட் என்ற பகுதிக்குள் போய் இருந்துகொள்ளும். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிற ட்ரூ டோனும் போய்விடும். 2021-ல் ஐபோன் 13 வந்தபோது இன்னும் மோசம், வெளியில் டிஸ்ப்ளே மாற்றினால் முகத்தைக் காட்டித் திறக்கிற பேஸ் ஐடியே நின்றுபோனது. ரிப்பேர்காரர்கள் எல்லா நாட்டிலும் சத்தம் போட்ட பிறகுதான் ஓர் அப்டேட்டில் அதைச் சரிசெய்தார்கள். களவு நடந்ததா இல்லையா என்று அந்த மெசேஜுக்குத் தெரியாது, இலக்கம் மாறியது மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கம் பிழை என்றால், இப்படி வரும் என்று பில்லில் எழுதிக் கொடுக்காததுதான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இனி எழுதிக் கொடுப்போம்.

கமிஷன் கதைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போன் விற்பதில் கிடைப்பது கடை வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விடும்; எங்களுக்கு மிஞ்சுவது கவரிலும் டெம்பர் கிளாஸிலும்தான். ஐபோன்காரர்தான் மூன்று மாதத்துக்கு ஒரு கவர் மாற்றுகிறார், ஆகவே கணக்குப் பார்த்தால் நான் ஐபோனைத்தான் தள்ள வேண்டும்.

இப்போது தெரியாது என்ற கதைக்கு வருகிறேன்.

ஐபோன் ஏன் நல்லது என்று என்னிடம் கேட்டால், கமராவுக்கு முன்னால் நான் சொல்வது அது கனகாலம் உயிரோடு இருக்கும் என்பதைத்தான். 2015-ல் வந்த 6எஸ் மொடலுக்கு 2021-ல் வந்த ஐஓஎஸ் 15 என்ற ஐபோன் மென்பொருளும் கிடைத்தது. கல்முனைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு ரீச்சர் அதைத்தான் பேட்டரி மட்டும் மாற்றி மாற்றி வைத்திருந்தார். போனும் அப்பிள், உள்ளே இருக்கிற சிப்பும் அப்பிள், மென்பொருளும் அப்பிள், அதனால் அப்டேட் வந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் வரும். அன்ட்ரொய்ட்டில் கூகுள் எழுதி, சிப் கொம்பனி தொட்டு, போன் கொம்பனி தன் பூச்சைப் பூசி, நம்ம கைக்கு வருவதற்குள் அடுத்தது வெளிவந்துவிடும், சிலதுக்கு வரவே வராது. 2023-ல் பிக்சல் 8-க்குக் கூகுளும், அடுத்த வருடம் எஸ்24-க்குச் சம்சுங்கும் 7 வருட அப்டேட் தருவதாகச் சொன்னது பெரிய விஷயம்தான், ஆனால் நம்ம கடையில் அதிகம் போகிற விலைக்குள் அந்தப் போன்கள் இல்லை. பாதுகாப்பும் அப்படித்தான். பரிசு விழுந்திருக்கு, இந்த அப்பைப் போடுங்கோ என்று ஒரு லிங்க் வரும், அமத்தினால் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஏதோ ஒன்று இறங்கும், பிறகு போன் தன்பாட்டில் மெசேஜ் அனுப்பும். இப்படிக் கெட்டுப்போய் வருவதெல்லாம் அன்ட்ரொய்ட்தான். நம்ம நாட்டில் ஐபோனுக்கு அப் ஸ்டோரைத் தவிர வேறு வாசல் இல்லாததால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. வீடியோவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, தான்தோன்றீஸ்வரர் தேரன்று யார் கையில் என்ன போன் இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவும் சொல்கிறவன் பிறகு ஏன் அன்ட்ரொய்ட்டைக் காட்டுகிறான்? வருகிற ஆளைப் பார்த்துத்தான் காட்டுகிறேன்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து, கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியார் வருவார். விடிய விடிய ஆடுகிற வடமோடிக் கூத்தை முழுவதும் போனில் எடுத்து, கார்ட் நிறைந்ததும் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு வேறு கார்ட் போட்டுக்கொள்வார். ஐபோனில் மெமரி கார்டுக்கு என்றைக்கும் இடம் இருந்ததில்லை, இலவசமாகக் கிடைக்கிற ஐகிளவுட் 5 ஜிபி, அதில் ஒரு கூத்தின் தொடக்கம்கூட முடியாது. அவருக்கு நான் ஐபோனை விற்றால் அதுதான் பாவம். வயலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு சிம் வேண்டும், ஏனென்றால் ஒரு நெற்வேர்க் எடுக்கிற வெட்டையில் மற்றது எடுக்காது. ஐபோனில் 2018-லிருந்து இரண்டாவது சிம் உண்டு, பெரும்பாலும் அது ஈசிம், அதாவது கார்ட் இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம். இங்கேயும் ஈசிம் கொடுக்கிறார்கள்தான், ஆனால் போன் உடைந்த அன்று அதைக் கழற்றிப் பழைய நொக்கியாவில் போட்டுக் கதைக்க முடியாது. அமெரிக்காவில் இருக்கிற மாமா அனுப்பிய ஐபோன் 14-ஐக் கொண்டுவந்து சிம் போடுகிற இடத்தைக் காணவில்லை என்று தேடிய பிள்ளையும் இருக்கிறாள், அமெரிக்காவில் விற்கிற மொடல்களில் அந்தத் தட்டே கிடையாது. 2023 வரைக்கும் சார்ஜர் வயரும் வேறு. வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு வயர் என்று இருக்கிற இடத்தில் ஐபோன்காரர் மட்டும் தனி அடுப்பு.

இதைவிடப் பெரிய பிரச்சினை பூட்டு. கட்டாரிலிருந்து அண்ணன் தான் பாவித்த ஐபோனை ஆசையோடு கொடுத்துவிடுவார், தன் அப்பிள் ஐடியிலிருந்து வெளியேற மறந்துவிடுவார், கடவுச்சொல் அவருக்கே ஞாபகம் இருக்காது. ஐஓஎஸ் 7 வந்த 2013-லிருந்து அந்தப் பூட்டு இருக்கிறது, களவெடுக்கிறவனுக்கு எதிராகச் செய்தது, செய்தவர்கள் நல்லாகத்தான் செய்திருக்கிறார்கள். உரிமையாளர்தான் திறக்க வேண்டும். நாங்கள் திறக்க மாட்டோம், திறக்கிறேன் என்று காசு வாங்குகிறவரையும் நம்பாதீர்கள். அன்ட்ரொய்ட்டிலும் கூகுள் கணக்குப் பூட்டு இருக்கிறது, அங்கேயும் எங்கள் பதில் அதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தப் போனையும் வாங்க முன் ஐஎம்இஐ (IMEI) என்று எழுதி இடைவெளி விட்டு, போனின் அடையாள எண்ணான அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பதில் வரும்.

வட்ஸ்அப்பும் அப்படித்தான். முந்தி அன்ட்ரொய்ட்டின் பேக்அப் கூகுளிலும் ஐபோனின் பேக்அப் ஐகிளவுட்டிலும் இருக்கும், இதிலிருந்து அதற்கு நேர்வழியில் மாற்ற முடியாது. மகன் அனுப்பிய ஐபோனுக்கு மாறின ஒரு அம்மாவுக்கு, காலமான கணவரின் வொய்ஸ் எல்லாம் பழைய போனோடு நின்றுவிட்டது. கடைக்குள் இருந்து அழுதார், நாங்கள் பழைய போனையே திரும்ப ஒன் பண்ணிக் கொடுத்தோம், அவர் இன்றைக்கும் இரண்டையும் வைத்திருக்கிறார். 2022-ல் அன்ட்ரொய்ட்டிலிருந்து ஐபோனுக்கு மாற்ற வழி வந்துவிட்டது, ஆனால் அதைப் புதுப் போனை முதன்முதல் செட் பண்ணும்போதே செய்வதுதான் நல்லது. ஆகவே தயவுசெய்து பெட்டியை வீட்டில் உடைக்காமல் கொண்டுவாருங்கள், காசு எடுக்க மாட்டோம்.

எது நல்ல போன் என்று நான் பிழையாகச் சொன்னதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்ட்ரொய்ட் வந்த புதிதில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒபெரா மினி என்ற பிரவுசருக்குள் போய் ஒரு செட்டிங்ஸை மாற்றினால்தான் தமிழ்ச் செய்தி வாசிக்கலாம், அதைச் செய்து கொடுத்தே நான் பாதி வாடிக்கையாளரைச் சேர்த்தேன். அந்த எரிச்சலில் 2013-ல், மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் மென்பொருளில் ஓடிய நொக்கியா லூமியாவைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். 512 எம்பி ராம்தான், ஆனால் தண்ணீர் மாதிரி ஓடும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. இதுதான் இனி என்று கனபேருக்குச் சொல்லி விற்றேன். அப்பிளும் கூகுளும் வைத்திருந்த சந்தையில் கடை நிறைய, மைக்ரோசொப்ட்டின் சந்தையில் கட்டடம் மட்டும். அப் எழுதுகிறவர்கள் வரவில்லை, 2019 கடைசியோடு வட்ஸ்அப்பும் நின்றது. அதே வருடம் மே மாதம் அமெரிக்கா போட்ட தடையால் புது ஹுவாவி போன்களுக்குக் கூகுள் சேவை கிடைக்காமல் போனது, அதிலும் என்னிடம் ஸ்டொக் இருந்தது. லூமியா வாங்கிய ஆட்கள் ஒருவரும் வொய்ஸ் போடவில்லை. அவர்களுக்கு நான் கடன்பட்டவன்.

விலையைப் பற்றியும் பேச்சு இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 வரை போனது. 2024 ஜனவரியில் வற் வரி 15-லிருந்து 18 ஆனது, அதுவரை விலக்கில் இருந்த போன்களும் அதற்குள் வந்தன. டிஸ்ப்ளேயும் பேட்டரியும் கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் வருகிற கூலியும் ஏறிவிட்டது. இதற்குமேல் விளக்கினால் அழுகிற மாதிரி இருக்கும்.

இந்த மாதத்திலிருந்து டிஸ்ப்ளே வாரண்டி ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம். அப்புறம், எங்கள் பொடியன் டோஹாவில் வேலை கிடைத்துப் போய்விட்டதால், வேறு ஆள் கிடைக்கும் வரை ஐபோன் ரிப்பேர் எடுப்பதில்லை. (அவனுக்கு வாழ்த்துச் சொல்ல மறக்காதீர்கள், நல்ல கைராசிக்காரன்.) அன்ட்ரொய்ட் வேலைகள் வழக்கம்போல நானே பார்ப்பேன்.

வொய்ஸ் வந்த அன்றே கடைக்கு வந்து, "நீங்க யோசிக்காதீங்க மகன்" என்று சொல்லிவிட்டுத் தேவையில்லாமல் ஒரு ரீலோட் போட்டுக்கொண்டு போன வெல்லாவெளி அம்மாவுக்கும், குழுவுக்குள்ளேயே எனக்காகக் கதைத்த மருதமுனை நானாவுக்கும், கடன் கொப்பியில் பெயர் இருந்தும் தைரியமாகக் கடைக்கு முன்னால் வந்து நின்ற நண்பர்களுக்கும் நன்றி. வெள்ளம் வந்த வருடங்களில் நனைந்த போனை அரிசிப் பானைக்குள் போடாமல் நேரே என்னிடம் கொண்டுவந்தவர்களுக்குத் தனி நன்றி, அரிசித் தூசியைத் துடைக்கிற வேலை மிச்சம்.

வொய்ஸ் போட்ட தம்பிக்கு: உங்கள் உடைந்த டிஸ்ப்ளே, பில் இலக்கம் ஒட்டியபடி, மேசை லாச்சிக்குள் இருக்கிறது. கடை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும், வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
களுவாஞ்சிக்குடி