பாலின் புரதத்துக்கும் விலை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கறவை மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி தயாரிக்கும் சிறு உற்பத்தியாளர்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை

பொருள்: பால் கொள்முதலில் புரத அளவைச் சேர்த்தல், சினை ஊசிக் காளைகளின் கேசின் (பால் புரதம்) வகையை வெளியிடுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தொழுவத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பசுக்களின் பாலை ஒரே நாளில் தனித்தனியாக உறைய வைத்தேன். ஒரே சூடு, ஒரே அளவு ரென்னெட் (பாலை உறைய வைக்கும் நொதி). முதல் பாத்திரத்தில் அரை மணி நேரத்தில் கத்தியை இறக்கியதும் கட்டி பளிச்சென்று பிளந்து, தெளிந்த நீர் ஊறி நின்றது. இரண்டாவது பாத்திரம் ஒரு மணி நேரம் கழித்தும் கஞ்சிபோலக் குழைந்தே கிடந்தது. பிழிந்தபோது வெள்ளையாக ஓடிய நீரோடு சத்தும் போய்விட்டது. இரண்டு பசுவுக்கும் மடிநோய் இல்லை, தீவனமும் ஒன்றுதான். ஆனால் கொள்முதல் நிலையத்தில் இரண்டு பாலுக்கும் விலை ஒன்றே.

பாலில் உள்ள கப்பா கேசின் என்னும் புரதத்தின் வகை பரம்பரையாக வருவது. அதன் 'பி' வகை உள்ள பால் விரைவாகவும் உறுதியாகவும் உறையும். இந்த வகை ஜெர்சி, பிரவுன் சுவிஸ் இனங்களில் அதிகம்; ஹோல்ஸ்டீனில் குறைவு. ஹோல்ஸ்டீன் பாலில் புரதம் சுமார் 3.2 சதவீதம் என்றால் ஜெர்சி பாலில் சுமார் 3.8 சதவீதம் இருக்கிறது. லிட்டர் கணக்கில் பின்தங்கும் பசு, பாலாடைக்கட்டிக் கணக்கில் முந்திவிடுகிறது. இது தெரியாமல்தான் பலர் நல்ல பசுவைச் சந்தைக்கு ஓட்டிச் செல்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

தீவனமும் அப்படித்தான். அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டி நார்த்தீவனத்தைக் குறைத்தால் பால் பெருகும், கொழுப்பு இறங்கும். சரியாகப் பதப்படாத சைலேஜிலிருந்து (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்) பாலில் கலக்கும் நுண்ணுயிர் வித்துகள் சூடாக்கினாலும் சாவதில்லை. இவற்றால், மாதக்கணக்கில் முதிர வைத்த என் பாலாடைக்கட்டிகள் சில, வயிறு உப்பியதுபோல் வீங்கி வெடித்தன. வெட்டினால் நாற்றம் தாங்கவில்லை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜியானோ பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் பசுக்களுக்குச் சைலேஜ் கொடுக்க விதியே இடம் தருவதில்லை. எல்லாருக்கும் அந்தத் தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மழைக்காலத்தில் சைலேஜ் பலருக்கு உயிர்நாடி. சைலேஜ் தின்னாத மாட்டின் பாலைத் தனிக் கேனில் சேகரிக்க வழி செய்தால் போதும்.

எனவே, கொழுப்போடு புரதத்தையும் அளந்து விலை நிர்ணயிக்கவும், சினை ஊசிக்கான உறைவிந்துப் பட்டியலில் ஒவ்வொரு காளையின் பெயருக்கு எதிரிலும் அதன் கப்பா கேசின் வகையை அச்சிடவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இன்று போடும் ஊசியின் பலன் கன்று வளர்ந்து கறவைக்கு வரும்போதுதான் தெரியும் என்பதால், பட்டியலை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்